இடுப்பு வரை வழிந்த அடி

ஓட்டைவாயனுக்கு இடுப்பில் அரித்தது. எதிரே கட்சிக்காரர் உட்கார்ந்திருக்கும்போது இடுப்பைச் சொறிவது மரியாதை இல்லை என்று அவனுக்குத் தெரியும். அரிப்புக்கு அது தெரியவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் இடுப்பை நைசாக உரசிக்கொண்டே, கேஸில் மூழ்கிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

வீட்டில் அவனுக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆபீஸில் அது எடுபடவில்லை. எதைப் போட்டாலும் அந்த வாயில் தங்காது என்பதால் ஓட்டைவாயன் ஆகிவிட்டான். அவனுடைய முதலாளி, துப்பறிகிற அம்மாளுக்கு, ஊர் கொடுத்த பட்டம் சிடுமூஞ்சி. ஐம்பதைத் தாண்டியவர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்பார். அந்த 'அப்படியா'வைக் கேட்டதும் பாதிப் பேர் தாங்கள் சொன்னது பொய்யோ என்று தாங்களே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

எதிரே இருந்தவர் அந்த ரகம் இல்லை. டைல்ஸ் கடை முதலாளி. தன்னைத் தானே சந்தேகப்படுகிற பழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது. வலது கை மோதிர விரலில் பட்டையாக ஒரு மோதிரம், அதே கையின் கட்டைவிரல் பக்கம் ஒரு பிளாஸ்டர். போனை மேசைமேல் தள்ளினார்.

"பாருங்க மேடம். என் பையன் முதுகு. மூணு வயசு. அஞ்சு விரலும் அப்படியே பதிஞ்சிருக்கு. மனுஷியா அவ?"

படத்தில் ஒரு பொடிப் பையனின் முதுகு. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு உள்ளங்கை, அதிலிருந்து முதுகுத்தண்டைத் தாண்டிப் படுத்திருக்கும் விரல்கள். பழுப்பு நிறத்தில், அச்சு அசலாக ஒரு கை.

"அவள்னா யாரு?" என்றார் சிடுமூஞ்சி.

"பகல் காப்பகத்துல ஒரு ஆயா. இந்த வாரம் புதன்கிழமை காலையில பாத்தேன் இதை. நேரா போய் நாலு பேர் முன்னாடி கேட்டேன். இல்லைன்னு சாதிக்கிறா. அன்னைக்கே அவளை வேலைய விட்டுத் துரத்த வச்சேன். ஆனா போலீஸ்ல ஆதாரம் கேக்கறாங்க. அங்க இருக்கிற கேமரா சும்மா அழகுக்கு மாட்டினது, ஓடல. அதான் உங்ககிட்ட வந்தேன். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அவதான்னு நிரூபிச்சுக் குடுங்க. அஞ்சரை மணிக்கு எல்லாப் பெத்தவங்களும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போக வருவாங்க. அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அவங்க முன்னாடி அவளை நிக்க வச்சு, அப்படியே ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"வீட்டுல யாரும் அடிக்கலையே?"

டைல்ஸ்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். "என்ன மேடம் கேள்வி? நாங்க அவன்மேல ஒரு தூசு பட விடமாட்டோம். என் மனைவிக்கு ஏர்போர்ட் டிக்கெட் கவுன்டர்ல வேலை. காப்பகம் இல்லாத ஞாயித்துக்கிழமை அவளுக்கு டியூட்டி. நான்தான் பையனைப் பாத்துக்கிட்டேன். நாள் பூரா என் கூட கடையிலதான் இருந்தான். ஸ்டாக் எடுத்தோம்."

"அப்படியா" என்றார் சிடுமூஞ்சி.

டைல்ஸ்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து, பிளாஸ்டரைக் கொஞ்சம் தூக்கி உள்ளே தடவிக்கொண்டார். ஓட்டைவாயனுக்கு சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

"சார், நானும் இதேதான். உங்களுக்கு எங்க?"

"கையில. டைல்ஸ் பவுடர் அலர்ஜி. பையன் முதுகுக்கும் இதையேதான் போடறோம்."

"எனக்கு இடுப்புல. படர்தாமரை. போட்ட ரெண்டாம் நாளே அரிப்பு நின்னுடுச்சு சார். சூப்பர் மருந்து."

"நின்னுடுச்சுல்ல? அப்புறம் ஏன்டா காலையிலேர்ந்து நாற்காலியில தேய்ச்சிட்டிருக்கே?" என்றார் சிடுமூஞ்சி.

ஓட்டைவாயன் உரசுவதை நிறுத்தினான்.

டைல்ஸ்காரர் போனதும் சிடுமூஞ்சி அவனை ஒரு பிடி பிடித்தார். "மெடிக்கல் ஷாப்காரன் எடுத்துக் குடுத்தான், நீ வாங்கிப் பூசிட்டே. அது அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளர்க்கும். ஒரு வட்டமா இருந்தது இப்ப எத்தனை?"

"எண்ணல மேடம். முதுகுப் பக்கமும் போயிருக்குன்னு நினைக்கிறேன்."

"உள்ள ஸ்டீராய்டு இருக்கு. தோல் சிவக்கிறதை மறைச்சிடும், அவ்வளவுதான். நாளைக்குத் தோல் டாக்டர்கிட்ட போ. வெறும் பூஞ்சை மருந்து குடுப்பாரு. மறைஞ்ச பிறகும் அவர் சொல்ற வரைக்கும் போடணும். ஈர உள்ளாடையை மாட்டிக்கிட்டு அலையாதே. உன் துண்டை உன் பொண்டாட்டி தொட வேண்டாம்."

"அவ என்னையே தொடறதில்ல மேடம், துண்டை எங்க தொடப் போறா."

"புத்திசாலிப் பொண்ணு."

டைல்ஸ்காரர் அனுப்பிவிட்டுப் போயிருந்த படத்தை விரலால் பெரிதாக்கி, உள்ளங்கை முடிகிற இடத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு "வா, பையனைப் பார்க்கலாம்" என்று செருப்பை மாட்டினார்.

வீடு எதிர்பார்த்த மாதிரியே இருந்தது. தரை, சுவர், படிக்கட்டு, வெளியே நாய்க்கூண்டு வரை டைல்ஸ். நாய் வழுக்கி வழுக்கி நடந்தது. பையனின் அம்மா கதவைத் திறந்தார். லீவு போட்டிருந்தார் போல, கண்ணுக்குக் கீழே கருவளையம். சுண்டெலி என்று வீட்டில் கூப்பிடுகிற அந்தப் பையன் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"இதைப் பாத்ததிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க" என்றார் அம்மா. "அந்த ஆயாம்மாகிட்ட இவன் ஓடிப் போய் ஒட்டிக்குவான். அவங்களா இப்படிப் பண்ணாங்கன்னு நம்பவே முடியல. ஆனா கண்ணுக்கு முன்னாடி விரல் தெரியுதே."

"எப்ப பாத்தீங்க முதல்ல?"

"திங்கக்கிழமை ராத்திரி குளிப்பாட்டும்போது லேசா சிவப்பா இருந்துச்சு. வேர்க்குருன்னு நினைச்சுப் பவுடர் போட்டேன். செவ்வாய்க்கிழமை அங்கங்க கொப்புளம் மாதிரி. புதன்கிழமை காலையில இந்தக் கலர் வந்திருச்சு. அப்பதான் கைன்னு புரிஞ்சுது. இவர் உடனே கிளம்பிப் போயிட்டாரு."

சிடுமூஞ்சி பையனைக் கூப்பிட்டார். சட்டையைக் கழற்றி முதுகைத் திருப்பினார். தழும்பின்மேல் விரலை வைத்து அழுத்தினார். சுண்டெலி கூச்சம் தாங்காமல் கிக்கிக்கீ என்று சிரித்தான்.

"வலிக்குதாடா?"

"இன்னொரு தடவை" என்றான் அவன்.

ஓட்டைவாயன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். உள்ளங்கை அடையாளத்தின் கீழ் நுனியிலிருந்து ஒரு கோடு. பென்சிலால் போட்ட மாதிரி மெல்லிசாகத் தொடங்கி, முதுகின் ஓரமாக வளைந்து இறங்கி, இடுப்பில் டிராயர் நாடாவுக்குப் பக்கத்தில் போய் ஒரு பொட்டாக முடிந்திருந்தது. அதே பழுப்பு. மோதிர விரலின் அடியில் மட்டும் பழுப்பு இல்லாமல் குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை.

"சுண்டெலிக்கு வெயில்ல விளையாடப் பிடிக்குமா?" என்று சிடுமூஞ்சி அம்மாவிடம் கேட்டார்.

"வெயிலா? காப்பகம் இரண்டாவது மாடி, நாலு பக்கமும் கம்பி. வீட்டுல நாங்க விடறதில்ல. போன ஞாயிறு கடைக்குள்ளதான் இருந்தான்."

"டிராயர் போடற இடத்துக்கு மேல கறுத்திருக்கான். கீழ கறுக்கல. மூக்கு நுனி உரியுது."

அம்மா குனிந்து பார்த்தார். "அவங்கப்பா நல்லாத்தான் பாத்துக்குவாருங்க. முன்ன மாதிரி இல்ல. குடி இருந்துச்சு அவருக்கு. நான் இவனைத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கே போயிட்டேன். ஒரு சொட்டு தொடமாட்டேன்னு இவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணின பிறகுதான் திரும்பி வந்தேன். இப்ப ஞாயித்துக்கிழமையானா அவரே கூட்டிட்டுப் போறாரு, அவரே சோறு ஊட்டறாரு."

சிடுமூஞ்சி முதல் தடவையாக 'அப்படியா' சொல்லவில்லை. பையனுக்குச் சட்டையை மாட்டிவிட்டார். "அந்த ட்யூபைத் தூக்கிக் குப்பையில போடுங்க. இதுக்கு மருந்தே வேண்டாம். வெயில் படாம பாத்துக்கங்க, கொஞ்ச மாசத்துல தானா போயிடும்." பிறகு வாசலில் நின்று சொன்னார்: "சாயங்காலம் அஞ்சரைக்கு நீங்களும் காப்பகத்துக்கு வாங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க."

காரில் ஏறியதும் ஓட்டைவாயன் ஆரம்பித்தான். "மேடம், எனக்கு மூணு சந்தேகம். பிறவி மச்சம், தேமல், இல்லைன்னா..."

"உன் சந்தேகத்தை உன் ட்யூபோட சேர்த்துப் போடு. ஒண்ணு சொல்லு. அடி எங்கேயாவது வழியுமா?"

"என்னது?"

"ஒருத்தி ஓங்கி அறையறா. அஞ்சு விரல் பதியுது. சரி. அந்த அடி இடுப்பு வரைக்கும் வழிஞ்சு ஓடுமா? அடிச்சா கன்னிப்போகும், நீலமாகும், பச்சையாகும், மஞ்சளாகிப் போயிடும். தொட்டா வலிக்கும். இவன் இன்னொரு தடவை அழுத்துங்கறான். இவ்வளவு பேர் பாத்திருக்காங்க. அப்பன், ஆத்தா, காப்பகம், ஸ்டேஷன். எல்லாருக்கும் விரல் மட்டும் கண்ணுல பட்டிருக்கு. கீழ ஓடுற கோட்டை ஒருத்தனும் பாக்கல. கோவப்படறதுக்கு விரல் போதும்ல."

"அப்ப அது என்ன மேடம்?"

"முதல்ல போனை எடு. டைல்ஸ் கடைக்குப் போடு. ஞாயித்துக்கிழமை வந்தா கடை இருக்குமான்னு கேளு."

ஓட்டைவாயன் போட்டான். புது வீடு கட்டுகிறவன் குரலை வரவழைத்துக்கொண்டான். மறுமுனையில் ஒரு பையன் சலிப்பாகச் சொன்னது காருக்குள் நன்றாகவே கேட்டது. "ஞாயிறு லீவு சார். என்னைக்குமே லீவுதான். போன ஞாயிறா? சாவியே என்கிட்டதான் சார் இருந்துச்சு, நான் எங்க ஊருக்குப் போயிருந்தேன்."

போனை வைத்த ஓட்டைவாயன் முதலாளி முகத்தைப் பார்த்தான். "மேடம், நம்ம கட்சிக்காரர்..."

"வாயை மூடிட்டு வண்டியை ஓட்டு. ஆயாவைக் கூட்டிட்டு வரணும்."

ஆயாம்மா குடியிருந்தது ஒரே ஒரு அறை. பாத்திரம், பாய், துணி எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. ஆள் மட்டும்தான் இடம் தெரியாமல் நின்றார். நாற்பது வயதுக்காரர், சின்ன உருவம், அதைவிடச் சின்னக் கைகள். நாள் பூரா சோப்புத் தண்ணீரில் கிடந்து விரல் முட்டியெல்லாம் வெடித்திருந்தது.

"இன்னும் ரெண்டு காப்பகத்துல கேட்டேன்மா. பையன் முதுகு போட்டோ அங்கல்லாம் முன்னாடியே போயிருச்சு. கதவையே திறக்கல. எனக்கு இந்த வேலைதான் தெரியும். இன்னைக்கு ஸ்டேஷன்ல எழுதிட்டாங்கன்னா அதோட முடிஞ்சுது."

"புதன்கிழமை என்ன நடந்துச்சு?"

"அந்த சார் வந்தாரு. வாசல்ல வச்சு என்னைக் கன்னத்துல அறைஞ்சாரு. எல்லாப் பெத்தவங்களும் நின்னாங்க. ஒருத்தர் போன்ல படம் பிடிச்சாரு. நான் விழுந்ததும் பிடிக்கிறதை நிறுத்திட்டாரு." சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் கதவைப் பிடித்துக்கொண்டார். "அந்த வாசல்ல மறுபடியும் கால் வைக்கச் சொல்றீங்களா?"

"அதே வாசல்லதான்" என்றார் சிடுமூஞ்சி. அவர் யாரிடமும் அவ்வளவு மெதுவாகப் பேசி ஓட்டைவாயன் கேட்டதில்லை.

அஞ்சரை மணிக்குக் காப்பக வாசல் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. டைல்ஸ்காரர் சொன்ன சொல் தவறாமல் கூட்டம் சேர்த்திருந்தார். பெற்றவர்கள் அத்தனை பேரும் நியாயம் பார்க்க வந்த முகத்தோடு நின்றார்கள். அடுத்தவர் வீட்டு வேலைக்காரியிடம் நியாயம் பார்ப்பதென்றால் இந்த ஜனங்களுக்கு ஆபீஸில் எப்படியோ பர்மிஷன் கிடைத்துவிடுகிறது. ஆயாம்மா காரிலிருந்து இறங்கியதும் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். இழுபட்ட பிள்ளைகளில் இரண்டு அவரைப் பார்த்துக் கையை ஆட்டின.

"கண்டுபிடிச்சிட்டீங்களா மேடம்?" என்றார் டைல்ஸ்காரர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"கண்டுபிடிச்சாச்சு சார். ஒரு சின்ன வேலை. உங்க பையனை வலது கையால தூக்குங்க. சட்டை இல்லாம."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது பிள்ளையைத் தூக்குவதில் அவருக்கு என்ன கஷ்டம். அம்மா சட்டையைக் கழற்ற, சுண்டெலி அப்பாவின் மேல் தாவி ஏறினான். வழக்கமாக ஏறுகிற இடம். வலது கை வழக்கமாகத் தாங்குகிற இடத்துக்குத் தானாகப் போயிற்று.

தழும்பைக் காணவில்லை. அப்பாவின் கை அதை அப்படியே மூடியிருந்தது. உள்ளங்கைக்கு உள்ளங்கை, விரலுக்கு விரல். மோதிரம் இருந்த இடத்தில் அந்த வெள்ளைப் பட்டை. கீழே கோடு மட்டும் இடுப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"நான் அடிச்சேன்னு சொல்றீங்களா?" டைல்ஸ்காரர் குரல் உயர்ந்தது. "என் பிள்ளையை நான் அடிப்பேனா?"

"யாருமே அடிக்கல சார். அதான் விஷயம். எலுமிச்சம்பழம் பிழிஞ்ச கையோட தூக்கியிருக்கீங்க. கையில சாறு, முதுகுல வெயில். ரெண்டும் சேர்ந்தா தோல் வெந்து போகும். உடனே தெரியாது. ஒரு நாள், ரெண்டு நாள் கழிச்சு சிவக்கும், கொப்புளிக்கும், அப்புறம் இந்த மாதிரி பழுப்பாகும். சாறு எங்கெல்லாம் பட்டுச்சோ அங்கெல்லாம். வழிஞ்ச இடம் உட்பட." சிடுமூஞ்சி அவர் கையைப் பார்த்தார். "அந்தப் பிளாஸ்டரை எடுங்க. பிழியறப்ப சாறு முதல்ல நிக்கிறது கட்டைவிரல் இடுக்குலதான். டைல்ஸ் பவுடர் பாவம், அது ஒண்ணும் பண்ணல."

அவர் எடுக்கவில்லை. சுண்டெலி எடுத்தான். பிய்க்கிறதுக்குக் கிடைத்ததே என்று ஒரே இழுப்பு. கட்டைவிரல் இடுக்கு முழுக்க அதே பழுப்பு.

"கடைக்குள்ள ஏதுங்க வெயில்?" என்றார் பையனின் அம்மா.

யாரும் அவரைப் பேசச் சொல்லவில்லை. அவர் புருஷனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்டாக் எடுத்தோம்னீங்களே. எலுமிச்சம்பழத்தை எதுல பிழிஞ்சீங்க?"

"அது... ஃப்ரெண்ட்ஸ்... கிளப்ல நீச்சல் குளம் இருக்கு, பையன் ஆசைப்பட்டான்னு..."

"அப்பா நிறைய ஜூஸ் குடிச்சாரு" என்றான் சுண்டெலி பெருமையாக. "எனக்கு வேற ஜூஸ்."

அம்மா பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சத்தம் போடவில்லை. அவன் உச்சந்தலையை, சத்தியம் வாங்கிய அந்தத் தலையை, ஒரு தடவை தடவினார். "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொன்னார். ஆதாரம் தேடி ஆளையும் வைத்து, பார்க்கக் கூட்டத்தையும் சேர்த்து, தன் குட்டைத் தானே உடைத்துக்கொண்ட மனுஷனை ஓட்டைவாயன் அன்றுதான் நேரில் பார்த்தான்.

நியாயம் பார்க்க வந்தவர்களுக்குத் திடீரென்று வீட்டு ஞாபகம் வந்தது. ஆளாளுக்குப் பிள்ளைகளின் பையை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்கள்.

"யாரும் போகாதீங்க" என்றார் சிடுமூஞ்சி. "புதன்கிழமை கடைசி வரைக்கும் நின்னு பாத்தீங்கள்ல? இன்னைக்கும் பாருங்க."

டைல்ஸ்காரர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். ஆயாம்மா பக்கம் பாதி திரும்பி, தன் கடைப் பையனிடம் பேசுகிற தோரணையில் சொன்னார். "சரி விடு. தெரியாம நடந்துபோச்சு. பிள்ளைப் பாசம். நான் நிர்வாகத்துல சொல்லிடறேன், நீ நாளையிலேர்ந்து வேலைக்கு வா."

ஆயாம்மா வாசற்படியில் நின்றிருந்தார். அன்று விழுந்த அதே இடம்.

"பையன் முதுகுல யாரும் அடிக்கல. அது இன்னும் போகல. என்னைக் கன்னத்துல அடிச்சீங்க. அது மறுநாளே மறைஞ்சிருச்சு" என்றார். "அதனாலதான் சார் என்கிட்ட ஆதாரம் இல்ல. அதனாலதான் யாரும் உங்களைக் கேக்கல."

டைல்ஸ்காரர் கூட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, உதட்டுக்குள்ளேயே, "மன்னிச்சிக்கம்மா" என்றார். பக்கத்தில் நின்ற ஓட்டைவாயனுக்கே சரியாகக் காதில் விழவில்லை.

ஆயாம்மா நகரவில்லை.

"அன்னைக்கு நீங்க அறைஞ்ச சத்தம் மேல்மாடி வரைக்கும் கேட்டுச்சு சார். பிள்ளைங்கல்லாம் பயந்து அழுதுச்சு. இதையும் அங்க கேக்கிற மாதிரி சொல்லுங்க."

சிடுமூஞ்சி கைகளைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் சரி என்கிற மாதிரி கார்மேல் சாய்ந்துகொண்டார்.

டைல்ஸ்காரர் சொன்னார். இரண்டாவது மாடியில் கம்பிகளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் திறந்தது.